முற்றத்துக்கு ஏற்ற கால்: கொக்குவிலும் அயலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாற்றுவலுவுள்ளோருக்குக் கிடைத்த உதவி, நெடுங்காலம் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வாசலில் தொடங்கி அதன் மதிலுக்குள்ளேயே முடிந்தது. அரச அதிபர் பி. ஏ. டைக்கின் முயற்சியால் 1850இல் பிரெண்ட் இன் நீட் சங்கம் என்ற தரும அமைப்பு நிறுவிய வைத்தியசாலை (இன்றைய போதனா வைத்தியசாலையின் முன்னோடி) ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்ததேயன்றி, குணமானவர் வீடு திரும்பிய பின் எவ்வாறு வாழ்வார் என்பது அதன் கணக்கில் வரவில்லை. செவிப்புலனோ கட்புலனோ இழந்த பிள்ளைகளுக்காக மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய பாடசாலை கொழும்புக்குத் தெற்கே அமைந்தது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை உருவான பின்னரே அத்தகைய கல்வி குடாநாட்டுக்குள் வந்தது.

இவ்வழக்கத்தை மாற்றிய பொருள் ஒரு செயற்கைக் கால் என்றால் மிகையாகாது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினரின் தாக்குதலின்போது, யாழ்ப்பாண நகரை அடுத்த கொக்குவிலின் இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீதும் எறிகணைகள் விழுந்தன. அதே ஆண்டிலேயே பிரெண்ட் இன் நீட் சங்கத்தின் சார்பில் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. ஜெய்ப்பூர் கால் எனப்படுவது, 1968 அளவில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் நகரில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய பாதமாகும். குதிக்கும் முன்பாதத்துக்கும் நுண்துளை ரப்பர், கணுக்காலுக்கு மரம் என அடுக்கி, மேலே தோல் நிறத்து ரப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடாக்கி அதனை ஒன்றாக்குவர். அக்காலத்து மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் இருக்கவென்றே அமைந்தது. அதைக் கொண்டு சம்மணமிடவோ குந்தவோ இயலாது. கொக்குவிலில் ஒருவர் வீட்டுப் படியிலும் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றுகிறார், கிணற்றடியில் குந்திக் குளிக்கிறார், செம்மண் தோட்டத்தில் வெறுங்காலுடன் தண்ணீர் கட்டுகிறார். அவருடைய நாளுக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்தது ஜெய்ப்பூர் பாதம். ஆளை மையமாகக் கொண்ட ஆதரவு, அதாவது சேவையின் வசதிக்கு மனிதரைப் பொருத்தாமல் அவரது வாழ்வுக்கும் விருப்புக்கும் சேவையைப் பொருத்தும் முறை, இங்கு ஒரு கொள்கையாக அறியப்படுமுன்பே பட்டறையில் நடைமுறையாகிவிட்டது.

ஆனால் கால் கிடைத்தவருக்கு அதை ஊன்றி வாழ ஊர் வேண்டுமே. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர வலிகாமம் முழுதும் செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நடக்க இயலாதவரின் விதி அவரைச் சுமக்க முன்வந்தவரின் தோளைப் பொறுத்ததாயிற்று. மக்கள் ஊர் திரும்பிய 1996இலேயே மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் போன்ற அணுகல் வசதிகளைக் கட்டாயமாக்கிய ஒழுங்குவிதிகள் வெளியான 2006இல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. சீமெந்தே அரிதாயிருந்த குடாநாட்டில் சாய்தளம் கட்ட எவரால் முடிந்திருக்கும்?

இதற்கிடையே, உலக சுகாதார நிறுவனம் 1970களின் பிற்பகுதியிலிருந்து பரப்பிய சமூகம் சார்ந்த புனர்வாழ்வு, அதாவது குடும்பத்தாரையும் அயலவரையும் பழக்கி வீட்டிலேயே உதவும் முறை, இலங்கையிலும் சமூக சேவைத் திணைக்களத்தின் வேலைத்திட்டமாயிற்று. கொக்குவிலை அடுத்த கோண்டாவிலில் ஆறு திருமுருகன் நிறுவிய சிவபூமி பாடசாலை அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஊருக்குள்ளேயே இடமளித்தது. எனினும் வீட்டிலிருந்து செய்யும் உதவி வீட்டாரின் விருப்பத்தையே மாற்றுவலுவுள்ளவரின் விருப்பமாகக் கொள்ளும் ஆபத்தும் உண்டு. சாப்பாடு, உடை, வெளியே போவது யாவற்றையும் தாயோ தமையனோ தீர்மானிப்பது குடாநாட்டில் பாசமாகவே கருதப்படுகிறது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கூறும், மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை இந்த இடத்தில்தான் இடிக்கிறது. இலங்கை அச்சமவாயத்தை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஆயினும் அரசின் மாதாந்த உதவிப் பணத்துக்குத் தகுதி பார்க்கும்போது அதிகாரிகள் கேட்பது விண்ணப்பதாரரின் தேவையை மட்டுமன்று, அவரது வீட்டின் வருமானத்தையும்தான்.