ஓர் உள்ளகமும் பல முகப்புகளும்

கணினியில் தட்டெழுதிய செய்தி மறுகணமே நண்பரின் திரையிற் தோன்றும் வசதி 1990களின் பிற்பகுதியில் விரைந்து பரவிற்று. ஆயின், அமெரிக்கா ஒன்லைன், யாகூ, மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனிச் சேவை நடத்தின. ஒன்றிற் சேர்ந்தவர் மற்றொன்றிற் சேர்ந்தவரோடு உரையாட இயலாதிருந்தது. ஒரே தெருவில் வாழும் இருவர், தபாற்கந்தோர் வேறு என்பதனாற் கடிதம் எழுத முடியாது போவதற்கு இது ஒப்பாகும்.

1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓபர்ன் பல்கலைக்கழக மாணவரான மார்க் ஸ்பென்சர், அமெரிக்கா ஒன்லைனின் 'எய்ம்' சேவையை லினக்ஸ் கணினிகளிற் பயன்படுத்தற்கு 'கெய்ம்' என்னும் மென்பொருளை ஆக்கினார். பின்வந்த தொண்டர்கள் ஏனைய சேவைகளையும் அதனுட் சேர்த்தனர். அது எளிய பணியன்று. நிறுவனங்கள் தம் செய்திப் பரிமாற்ற முறையை வெளியிடாமையால், கம்பிவழி சென்றுவந்த தரவுகளை நோக்கியே அதனை ஊகித்தறிய வேண்டியிருந்தது. 2004இல் யாகூ தன் முறையை மாற்றியபோது வெளியார் மென்பொருள்கள் தடைப்பட்டன.

இத்தகைய உழைப்பை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே செலவிடுதல் வீணன்றோ? ஆகவே, சேவைகளோடு பேசும் உள்ளகத்தைத் திரையிற் தோன்றும் முகப்பினின்றும் பிரித்து, எவரும் எடுத்தாளத்தக்க பொது நிரற்றொகுதியாக்கினர். 2001இல் அடம் ஐசர் மக்கின்டோஷ் கணினிகளுக்கெனத் தொடங்கிய 'அடியம்' பின்னர் இவ்வுள்ளகத்தையே தழுவிக்கொண்டது. அடியம் குழுவினர் கண்ட பிழைகளின் திருத்தங்களும் பொதுத் தொகுதிக்கே வந்துசேர்ந்தன. திருத்தியதை வெளியிடுவோர் அதன் மூலநிரலையும் வழங்கவேண்டும் என்ற குனூ பொது உரிமம் அப்பகிர்வுக்கு அரணாக நின்றது.

இதற்கிடையிற் பெயரைப் பற்றிய பிணக்கு மூண்டது. 'எய்ம்' தன் வணிகக்குறி என்றது அமெரிக்கா ஒன்லைன். சட்டப் பேச்சு நீண்டுகொண்டிருக்க, இரண்டாம் பெரும் பதிப்பு சோதனை வடிவங்களாகவே வெளிவந்தது. ஊதியமின்றி உழைத்தவர்க்குப் பெருநிறுவனமொன்றோடு வழக்காடும் வலிமை ஏது? 2007 ஏப்பிரலில் உடன்பாடு ஏற்பட்டது. முகப்பு 'பிட்ஜின்' ஆயிற்று. உள்ளகம் 'லிப்பர்ப்பிள்' ஆயிற்று. எழுத்துத்திரை முகப்பு 'பின்ச்' ஆயிற்று. வேற்றுமொழி வணிகர் ஒருவரோடொருவர் பேசற்கு உருவாகும் கலப்புமொழிக்குப் பிட்ஜின் என்று பெயர். முன்னையதினும் இதுவே பொருத்தமான பெயர் எனலாம்.

பொதுவுடைமைக்குப் பொதுத் துன்பமும் உண்டு. 2009 ஓகஸ்டில், மைக்ரோசொவ்ற் சேவைக்கான உள்ளகப் பகுதியில், அயலார் கணினியைக் கைப்பற்றுதற்கு இடந்தரும் குறையொன்று வெளிப்பட்டது. பிட்ஜின், அடியம் இரண்டும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாயின. ஆயினும், திருத்தம் ஓரிடத்திற் செய்யப்பட்டதும் இரண்டும் அதனைப் பெற்றுக்கொண்டன.

பிணக்குக்கு வித்திட்ட எய்ம் சேவை 2017 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. யாகூவின் சேவை 2018 ஜூலையில் நின்றது. அவற்றோடு பேசுதற்கென ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்த நிரல்கள் பயனற்றுப்போயின. வெளிப்படையான விதிகளையுடைய எக்ஸ்எம்பிபி முறைக்கான பகுதி அதன் பின்னரும் உள்ளகத்தில் உழைத்துக்கொண்டிருந்தது.