முற்றுகையுற்ற நாடும் தமிழ்க் கவியும்

2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைன்மீது பல முனைகளிலும் பாய்ந்த காலந்தொட்டு, அந்நாட்டு மக்களுக்குத் துணைநிற்கும் கவிதைகள் உலக மொழிகள் பலவற்றிலும் எழுந்துள்ளன. அத்தகைய கவிதைக்குத் தமிழில் மரபு உண்டா, அதன் லட்சணம் யாது என்பன ஆராயத்தக்கவை. துயரைப் பகிர்வதினும், நியாயம் எவர் பக்கத்தது என்று அஞ்சாது உரைப்பதே அக்கவிதையின் உயிர் என்பது என் துணிபு.

இம்மரபின் மூலம் புறநானூற்றிலேயே உள்ளது. மூவேந்தரும் ஒருங்கே பறம்பு மலையை முற்றியகாலை, புலவர் கபிலர் அதன் தலைவன் பாரியின் பக்கம் நின்று, முற்றியோரையே முன்னிலைப்படுத்திப் பாடினார். மலையின் வளத்தையும் தலைவனது ஈகையையும் எடுத்துக்கூறி, படைவலியால் அதனைக் கொள்ளலாகாது என மறுத்துரைத்தார்.

பிரிட்டிஷ் அரசின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை நடுநிலை பூண்டிருந்த பெல்ஜியத்துள் புகுந்ததைப் பொருளாகக் கொண்டு ‘பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து’ இயற்றியபோது, அம்மரபே புத்துயிர் பெற்றது. அந்நாடு வீழ்ந்தமைக்குக் காரணமாக அதன் அறத்தையும் மானத்தையும் வீரத்தையுமே அடுக்கிய அக்கவி, புலியை முறத்தால் எதிர்த்த குறப்பெண்ணை உவமையாக்கி, கண்ணால் காணாத ஐரோப்பியக் குடிகளைத் தமிழ்க் குறிஞ்சியின் வீரத்துக்கு உரியோராக்கினார்.

காங்கோவில் கொடுமை இழைத்த பெல்ஜியத்தைப் போற்றுதல் தகுமோ, அது பிரிட்டிஷாரின் போருக்குத் துணைபோவதாகாதோ எனச் சிலர் வினவலாம். காங்கோ மக்களின் துயர் மறக்கத்தக்கதன்று. ஆயினும் ஓர் அரசு வேறிடத்துச் செய்த அநீதி, அந்நாட்டுக் குடிகளின் இல்லங்களுள் அந்நியப் படை புகுதற்கு உரிமையளிக்காது. வலியோன் எளியோனது நாட்டைக் கவர்தல் குற்றமென்னும் நியாயம், இந்தியாவை ஆண்ட பிரிட்டனையும் குற்றவாளியாக்குவதேயன்றோ? பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்களுக்காகவும் பாரதியார் பாடியமை, அவரது நியாயவுணர்வு பாரபட்சமற்றது என்பதற்குச் சான்றாகும்.

அல்லலுற்ற உழைப்பின் அனுபவம் தமிழரை உக்ரைனோடும் இணைக்கும். பிஜிக்குக் கூலிகளைப் பெருமளவில் அனுப்பிய வட ஆற்காடே, ஜான் டெய்லர் கம்பெனி நிர்வகித்த கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கும் தொழிலாளரைத் தந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அங்கு வாழும் தமிழ் மக்களுக்கு, உக்ரைனின் தேசியகவி தாராஸ் ஷெவ்சென்கோ அந்நியரல்லர். 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்து, 1838இல் 2,500 ரூபிள் விலைகொடுத்து மீட்கப்பட்ட அவர், 1847இல் படைவீரனாக நாடுகடத்தப்பட்டு, எழுதவும் ஓவியந் தீட்டவும் சார் மன்னன் நிக்கோலசால் தடுக்கப்பட்டும், மறைவாகக் கவிதை எழுதினார். பிறர் செல்வத்துக்காகப் பூமிக்கடியில் உழைத்த பரம்பரைக்கு, பிறர் உடைமையாகப் பிறந்த கவியின் சுதந்திர தாகத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

எனவே, ‘போர் கொடியது’ என்னும் பொதுமொழியோடு நின்றுவிடும் செய்யுள், எத்துணை இனிதாயினும், படையெடுத்தோனையும் படையெடுக்கப்பட்டோனையும் ஒரே தட்டில் வைக்கும் குறையுடையதே. உக்ரைன் நகரங்களான மரியுபோலையும் புச்சாவையும் பெயர்சொல்லி, எவர் படை எவர் எல்லையைக் கடந்தது என்பதை ஒளியாது கூறும் தமிழ்க் கவிதையே கபிலருக்கும் பாரதிக்கும் வாரிசாகும். அத்தகைய கவிதைகளை இயற்றுதல் இக்காலத் தமிழ்ப் புலவர்தம் கடமையாகும்.