மாராயமும் மனச்சான்றும்

போர்க்களத்தில் ஆற்றல் காட்டிய வீரனுக்கு வேந்தன் வழங்கும் சிறப்பினை மாராயம் என்பது தமிழ் மரபு. அதனைப் பெற்றவன் பெருமிதத்துடன் உரைக்கும் நெடுமொழியைத் தொல்காப்பியர் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். ஏனாதி என்னும் பட்டமும் படைத்தலைவர்க்கு அவ்வாறு வழங்கப்பெற்றதே. வீரத்தின் பின்னே பட்டம் வரவேண்டும் என்பது இம்மரபின் உட்கருத்து. பட்டம் முன்னே சென்று வீரனை விலைக்கு வாங்கினால் என்னாகும்? இருபதாம் நூற்றாண்டின் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து இவ்வினாவை எண்ணிப் பார்க்கலாம்.

ஜெர்மானியத் தரைப்படையின் தலையாய பதவி பீல்டு மார்ஷல். பிரான்சை வென்ற களிப்பில், 1940 ஜூலை 19 அன்று ஹிட்லர் ஒரே நாளில் 12 தளபதிகளை அப்பதவிக்கு உயர்த்தினார். உயர் தளபதிகள் பலருக்கு மறைவாகப் பெரும்பணமும் தரப்பட்டது. அப்பன்னிருவருள் ஒருவரான குளூகே 1942-இல் பெற்றது 2,50,000 மார்க். பட்டமும் பணமும் சேர்ந்து நாவுக்குப் பூட்டாயின.

அவ்வாண்டு நவம்பரில் பவுலஸ் தலைமையிலான ஆறாம் படை ஸ்டாலின்கிராடில் சூழப்பட்டது. முற்றுகையை உடைத்து வெளியேற அவர் இசைவு வேண்டினார், ஹிட்லர் மறுத்தார், பவுலஸ் பணிந்தார். பசியிலும் பனியிலும் படை அழிந்துகொண்டிருக்க, 1943 ஜனவரி 30 அன்று அவருக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் வந்தது. ஜெர்மானிய பீல்டு மார்ஷல் எவரும் பகைவரிடம் சிறைப்பட்டதில்லை என்பது அங்குப் பெருமையாகப் பேசப்பட்ட செய்தி. எனவே அப்பட்டம், உயிரை மாய்த்துக்கொள் என்னும் சொல்லாத ஆணை. மறுநாளே பவுலஸ் சிறைப்பட்டார். அவருடைய படையினருள் ஏறத்தாழ 91,000 பேர் சிறை சென்றனர். தாயகம் மீண்டோர் ஏறத்தாழ 6,000 பேரே.

மற்றொரு பீல்டு மார்ஷலின் வரலாறு நமக்கு அண்மையிலேயே உறங்குகிறது. திருப்பூரிலிருந்து அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியே மலையேறினால் குன்னூர். ஓய்வுக்குப்பின் சாம் மானெக்சா வாழ்ந்த ஊர் அது. 1971 ஏப்ரலில் கிழக்கு வங்கத்தினுள் உடனே படை செலுத்துமாறு பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, தரைப்படைத் தலைவராயிருந்த தாம் மறுத்ததாக அவர் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். மழைக்காலம் வந்தால் ஆறுகள் கடலாகும். படையும் ஆயத்தமாக இல்லை. வேண்டுமானால் பதவி விலகுகிறேன் என்றும் சொன்னாராம். பிரதமர் அவரை நீக்கவில்லை, காலம் கொடுத்தார். டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16-இல் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். அவர்கள் தாயகம் திரும்பும் பணி 1974 ஏப்ரலில் நிறைவுற்றது.

1973 ஜனவரியில் அவர் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷல் ஆனார். எனினும், அப்பதவிக்குரிய ஊதிய நிலுவை அவர் கைக்கு வந்தது 2007-இல்தான். மறு ஆண்டு ஜூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். உதகையின் பார்சி இடுகாட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். குடியரசுத் தலைவரோ பிரதமரோ அவ்விறுதி நிகழ்வுக்கு வரவில்லை.

ஒரே பெயர் தாங்கிய பட்டங்கள்தாம் இரண்டும். ஒன்று பணிந்தவனுக்கு வந்தது. மற்றொன்று மறுத்துச் சொல்லத் துணிந்தவனுக்கு வந்தது. சிறைப்பட்டோர் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றே. வீடு திரும்பியோர் எண்ணிக்கையில்தான் எத்துணை வேறுபாடு!

இதனைப் போர்வீரர்க்கு மட்டும் உரியதெனக் கவிஞர்கள் ஒதுக்கிவிட முடியாது. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று, தோற்பது உங்கள் குடியே என இடித்துரைத்தவர் கோவூர்கிழார். அரசரிடம் பரிசில் பெறும் புலவர்தாம் அவரும். ஆயினும் பரிசில் அவர் நாவைக் கட்டவில்லை. பத்தாண்டு நிறைவில் நம் வட்டமும் பட்டங்கள் வழங்குகிறது, பொன்னாடை போர்த்துகிறது. அவற்றை ஏற்கும் தோள்கள் நிமிர்ந்திருக்கட்டும், நாவும் கட்டுண்ணாதிருக்கட்டும்.