வெள்ளைக்கழிச்சலும் உதிர்ந்த இறகும்

எங்கள் பக்கம் அதற்கு வெள்ளைக்கழிச்சல் என்றுதான் பேர். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தெரியவந்த அதே கோழிநோய், இங்கே குமாவுன் மலையூரான ராணிக்கேத்தின் பேரில் ஒட்டிக்கொண்டது. பாவம், அந்த ஊர் என்ன செய்தது! 1940களில் தடுப்பூசி வந்ததும் அதே குமாவுனின் முக்தேஷ்வர் ஆய்வகத்திலிருந்துதான். நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே இனங்காண்பது முக்கியம்.

இறகு உதிர்க்கும் கோழியும் முட்டையை நிறுத்தும், கொஞ்சம் ஒடுங்கி நிற்கும். ஆனா தீனி எடுக்கும். கரையான், கருவாட்டுத்தூள் என்று புரதம் கிடைத்தால் புது இறகு முளைத்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்து திருகினால் கதை வேறு; உடனே தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

எங்கள் ஆச்சி இரண்டுக்கும் மஞ்சளும் சின்ன வெங்காயமும்தான் கொடுப்பாள். இறகு உதிர்த்தது எப்படியும் தேறிவிடும். அவள் வைத்தியத்துக்குப் பேர் வந்தது அப்படித்தான்.