தோட்ட மரப்பாலம்

தோட்டத்து வாய்க்காலையோ குளத்தையோ மழைநீர் நிற்கும் பள்ளத்தையோ ஆள் நடந்து கடப்பதற்காக மரத்தால் போடும் சிறு பாலம். காவிரிப் படுகையில் தென்னை, பனைத் தண்டுகளைக் கிடத்தியும் மூங்கிலைக் கட்டியும் இப்படிப் பாலம் போடுவது பழைய வழக்கம். வடசென்னையின் கொடுங்கையூர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீட்டுத் தோட்டத்துக்குக் கிடைப்பதே கொஞ்சம் இடம்தான். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் நீரில் நிற்கும் என்பதால் இங்கே பாலத்துக்கு அழகைத் தவிர வேறு வேலையும் இருக்கிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எனவே பாலத்தின் ஆயுளை நடப்பவர் எடையைவிட ஈரமே தீர்மானிக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. முழுக்க மூழ்கிக் கிடக்கும் மரமும் காற்றுப்படாததால் எளிதில் உளுக்காது. கெடுவதெல்லாம் நனைந்து காய்ந்து மறுபடி நனையும் இடத்திலும், மண்ணைத் தொடும் இடத்திலும்தான். கரையான் ஏறுவதும் அங்கிருந்தே. ஆகவே இரு கரையிலும் தரைக்கு மேல் அரை அடி உயரக் கான்கிரீட் திண்டு கட்டி, அதன் மேல் மரத்தை உட்கார வைக்கிறார்கள். காசை மிச்சம் பிடிக்கத் திண்டை விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல மரமும் வீண்.

எட்டடி நீளம், மூன்றடி அகலப் பாலத்துக்கு ஆறுக்கு இரண்டு அங்குல உத்திரம் மூன்று போதும். அவற்றைக் குத்தாக நிறுத்த வேண்டும். நான்குக்கு இரண்டு அங்குலக் கட்டையைப் படுக்கையாகப் போடுவதைவிடக் குத்தாக நிறுத்தினால் வலு இரு மடங்கு, வளையாத தன்மை நான்கு மடங்கு. உத்திரங்களின் மேல் ஒன்றேகால் அங்குலப் பலகைகளைக் குறுக்கே, கால் அங்குல இடைவெளி விட்டு இறுக்குவார்கள். இடைவெளி இல்லாவிட்டால் நீர் தேங்கும். மழையில் பலகை உப்பி ஒன்றையொன்று தள்ளும். கொடுங்கையூரிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான் என்பதால் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருவேறும். துத்தநாகம் பூசிய போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் ஏற்றவை.

மரத்தில் பார்க்க வேண்டியது வைரம். தேக்கு, வேங்கை போன்றவற்றின் வைரப்பகுதி கரையானுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். வெளிச்சுற்றிலுள்ள வெள்ளைக்கட்டை எந்த மரமானாலும் உளுக்கும். மரவாடியில் புது மரம் விலை கட்டுப்படியாகாதவர்களுக்குப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்கு உத்திரங்கள் நல்ல வழி. உள்ளே புதைந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத்தான் ரம்பம் வைக்க வேண்டும். பனந்தண்டு உறுதியானதுதான். ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது.

மட்டமான மரத்தை மருந்தேற்றிப் பயன்படுத்தும் முறைகளில் பெயர்பெற்ற ஒன்றுக்கு இந்தியாவே தாயகம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த கலவையை உருவாக்கினார்; அது உலகெங்கும் பரவியது. ஆர்செனிக் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் தொட்டு விளையாடும் கைப்பிடிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. அப்படி மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது.

ஓவியர் மொனே 1890களில் பிரான்சின் ஜிவெர்னியில் தன் அல்லிக்குளத்தின் மேல் போட்ட வளைந்த பச்சைப் பாலத்தைப் பார்த்து அதேபோல் கேட்பவர்கள் உண்டு. வளைவுக்குத் தச்சருக்கு வேலை கூடும். மழையில் சரிவு வழுக்கும். எட்டடிக்கு நேர்ப்பாலமே போதும்.

பாலத்தில் மின்விளக்குத் தொங்கவிடும் ஆசை இங்கே வேண்டாதது. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். வெளிச்சம் தேவையென்றால் சூரிய ஒளியில் இயங்கும் சிறு விளக்குப் போதுமானது.

மழைக்கு முன்பு, புரட்டாசியில், பலகைகளின் முனைகளைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். முனை எளிதாக இறங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. திருகாணி போட்டிருந்தால் அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சுப் பூசலாம். ஈரத்தின் மேல் பூசினால் ஒட்டாது.