மிதிவண்டி இருக்கைச் சீரமைப்பு

மிதிவண்டி இருக்கைச் சீரமைப்பு என்பது மிதிவண்டியின் இருக்கையையும் அதைத் தாங்கும் தண்டையும் ஓட்டுபவரின் உடலளவுக்கு ஏற்ப உயரம், முன்பின் நிலை, சாய்வு ஆகிய மூன்றிலும் பொருத்தி அமைப்பதாகும். இருக்கை சில மில்லிமீட்டர்கள் தவறினாலும் நெடுந்தொலைவு ஓட்டும்போது முழங்கால் வலி, முதுகு வலி, மரமரப்பு முதலியன தோன்றக்கூடும்.

அமைப்பு

இருக்கைத் தண்டு என்பது சட்டகத்தின் இருக்கைக் குழாய்க்குள் செருகப்படும் உலோகக் குழாய் ஆகும். குழாயின் மேல்வாயில் உள்ள பிடிப்பான் இதனை இறுக்கிப் பிடிக்கிறது. தண்டின் விட்டம் வண்டிக்கு வண்டி மாறுபடும், 25.4 மி.மீ., 27.2 மி.மீ., 31.6 மி.மீ. ஆகியன பரவலானவை. 0.2 மி.மீ. குறைந்த தண்டைப் பொருத்தினாலும் அது நழுவும், அல்லது இறுக்கும்போது குழாயின் வாய் நெளியும்.

இந்தியாவில் இன்றும் ஓடும் கறுப்பு நிறப் பெரிய மிதிவண்டிகளில் சுருள்வில் கொண்ட இருக்கை, பற்கள் வெட்டிய வட்டுகளைக் கொண்ட ஒரு கவ்வியால் வெறும் குழாயின் தலையில் பிணைக்கப்பட்டிருக்கும். கவ்வியின் இரு பக்க மரைகளையும் ஸ்பேனரால் தளர்த்தினால் சாய்வையும் முன்பின் நிலையையும் மாற்றலாம். புதுவகை வண்டிகளில் இதற்கு அறுகோணச் சாவி தேவை.

உயரம்

மூன்றில் முதலில் சரிசெய்யப்பட வேண்டியது உயரமே. எளிய முறை குதிகால் முறையாகும். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, இருக்கையில் அமர்ந்து, பெடலை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியே பெடலில் படிவதால் முழங்கால் சற்று மடங்கியிருக்கும். அம்மடிப்பு 25 முதல் 35 பாகை வரை இருப்பது நன்று எனக் கொள்ளப்படுகிறது.

கணக்கிட்டு அறியும் முறைகளும் உள்ளன. வெறுங்காலில் நின்று, தரையிலிருந்து கவட்டை வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். அமெரிக்க மிதிவண்டி வீரர் கிரெக் லெமாண்டின் பெயரால் அறியப்படும் முறையில் இவ்வளவு 0.883 ஆல் பெருக்கப்படும். கிடைப்பது பெடல்கள் சுழலும் நடு அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையிலான தொலைவு. ஹாம்லி, தாமஸ் ஆகியோர் 1967இல் வெளியிட்ட முறையில், தாழ்ந்த நிலையிலுள்ள பெடலின் அச்சிலிருந்து இருக்கை வரை கவட்டை உயரத்தின் 109 விழுக்காடு கொள்ளப்படுகிறது. கவட்டை உயரம் 80 செ.மீ. எனில் முதல் முறை 70.6 செ.மீ. தரும். இரண்டாவது முறை 87.2 செ.மீ. தரும், இதில் 17 செ.மீ. நீளமுள்ள பெடல் கையைக் கழித்தால் 70.2 செ.மீ. எஞ்சும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எனினும் காலணியின் தடிப்பு, பாத நீளம் முதலியவற்றை இவை கணக்கில் கொள்வதில்லை. ஆகவே இவற்றைத் தொடக்க அளவாக மட்டுமே கொள்ளுதல் தகும்.

முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்வாக உள்ளது. பின்புறம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு பக்கவாட்டில் ஆடினாலோ உயரமாக உள்ளது. ஒரு தடவைக்கு 5 மி.மீ. அளவே மாற்றி, சில நாட்கள் ஓட்டிப் பார்த்து மீண்டும் மாற்றுவது வழக்கம்.

அமர்ந்தபடியே இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. சரியான உயரத்தில் இது பெரும்பாலான வண்டிகளில் இயலாது. நிறுத்தும்போது இருக்கையைவிட்டு முன்னால் இறங்கியே கால் ஊன்ற வேண்டும். ஆயினும் நெரிசலான தெருவில் அடிக்கடி நிறுத்துவோரும் புதிதாகப் பழகுவோரும் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

முன்பின் நிலையும் சாய்வும்

பெடல் கைகள் கிடைமட்டமாக இருக்கையில் முன் முழங்காலிலிருந்து விடும் தூக்குநூல் பெடலின் அச்சில் விழ வேண்டும் என்பது பழைய விதி. இதற்கு இயக்கவியல் அடிப்படை இல்லை என்று மிதிவண்டி வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் மறுத்து எழுதியுள்ளார். இருக்கைக் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் (பொதுவாக 73 பாகை அளவில்) தண்டை 10 மி.மீ. உயர்த்தினால் இருக்கை ஏறத்தாழ 3 மி.மீ. பின்னும் நகர்கிறது. எனவே உயரத்தை மாற்றியபின் முன்பின் நிலையையும் பார்க்க வேண்டும்.

இருக்கை மட்டமாக இருப்பதே பொதுவான தொடக்கம். மூக்குப் பகுதி மேல்நோக்கினால் கவட்டையில் அழுத்தம் கூடும்; மிகவும் கீழ்நோக்கினால் உடல் முன்னே வழுக்கி, பாரம் கைகளில் இறங்கும். உடல் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முகடுகள். மிக மென்மையான இருக்கையில் இம்முகடுகள் புதைந்து, நடுவிலுள்ள நரம்புகளும் குருதிக் குழாய்களும் நசுங்குவதால் மெத்தை இருக்கை எப்போதும் சுகம் தருவதில்லை. மிதிவண்டியில் சுற்றுக்காவல் செய்யும் காவலர்களின் மரமரப்புச் சிக்கலை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு உடல்நல நிறுவனம் 2009இல் மூக்கில்லாத இருக்கைகளைப் பரிந்துரைத்தது.

பாதுகாப்பு

தண்டில் குறைந்தபட்சச் செருகல் கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவுக்குத் தண்டை உயர்த்தினால் தண்டு முறியவோ, சட்டகம் பிளக்கவோ கூடும். உயரம் போதாவிடில் நீளமான தண்டை வாங்குவதே வழி. உலோகத் தண்டுக்கு ஆண்டுக்கொருமுறை கிரீஸ் தடவ வேண்டும். இல்லாவிடில் எஃகுச் சட்டகத்தில் அலுமினியத் தண்டு அரித்து இறுகி, அசைக்கவே முடியாமற் போகும். கரிம இழைத் தண்டுகளுக்குக் கிரீஸ் இடாமல் அதற்கெனவுள்ள பசையைப் பயன்படுத்துவர்.

சிறுவர்கள்

வளரும் சிறுவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை உயரத்தைப் பார்ப்பது அவசியம். பெரியவர்களின் வண்டியில் இருக்கையை எவ்வளவு தாழ்த்தினாலும் எட்டாத சிறுவர்கள், சட்டகத்தின் முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து நின்றபடி ஓட்டுவர். இது தமிழ்நாட்டில் குரங்கு பெடல் எனப்படும். இப்பெயரிலேயே 2024இல் ஒரு தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தது.