ஆஷா பணியாளர் போராட்டம், திருவனந்தபுரம் (2025)

கேரளத்தின் ஆஷா பணியாளர்கள் மதிப்பூதிய உயர்வும் ஓய்வுகாலப் பலனும் கேட்டு, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் 2025 பிப்ரவரி 10 முதல் நவம்பர் 1 வரை இரவு பகலாக நடத்திய போராட்டம். கேரள ஆஷா சுகாதாரப் பணியாளர் சங்கம் இதை முன்னின்று நடத்தியது. தொழிலாளர் சட்டங்களுக்குப் பேர்போன ஒரு மாநிலத்தில், அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை எட்டாத பெண்கள் நடத்தியது என்பதே இதன் முக்கியத்துவம்.

ஊருக்குள்ளேயே வாழும் ஒரு பெண்ணைச் சுகாதாரத் துறைக்கும் வீடுகளுக்கும் இடையில் நிறுத்துவது 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஏற்பாடு. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆஷாக்கள் அமர்த்தப்பட்டார்கள். கேரளத்தில் இத்திட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 26,000 பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையின் பெரும்பகுதியைக் கிராம சுகாதார செவிலியர்கள் பார்க்கிறார்கள். மலைப்பகுதிகள் போன்ற சில இடங்களில் மட்டுமே ஆஷாக்கள் உண்டு என்பதால் நம் வாசகர்கள் பலருக்கு இவர்களைத் தெரிந்திருக்காது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று பார்ப்பது, காசநோயாளி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று கவனிப்பது இவர்கள் வேலை. கேரளத்தில் படுத்த படுக்கையானோரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும், 2022 முதல் ‘ஷைலி’ செயலியில் முப்பது வயதைக் கடந்தவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த விவரங்களைப் பதிவதும் சேர்ந்துகொண்டன. கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கதவைத் தட்டியவர்களும் இவர்கள்தாம். உலக சுகாதார அமைப்பு 2022 மே மாதம் இந்திய ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது வழங்கியது.

இத்தனைக்கும் திட்ட விதிகளின்படி ஆஷா ஒரு தன்னார்வலர். அவருக்குச் சம்பளம் கிடையாது. மாநில அரசின் மதிப்பூதியமும், செய்த வேலைகளுக்கு ஏற்ற ஊக்கத்தொகையும்தான். வழக்கமான பணிகளுக்கான ஊக்கத்தொகையை ஒன்றிய அரசு 2018இல் மாதம் 2,000 ரூபாயாக்கியது. கேரள அரசின் மதிப்பூதியம் 2016இல் 1,000 ரூபாயாக இருந்து 2023இல் 7,000 ஆனது. மற்றப் பல மாநிலங்களைவிட இது கூடுதல் என்று அரசு சொன்னதில் பொய்யில்லை. ஆனால் 7,000 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் 233 ரூபாய். கேரளத்தில் ஒரு நாள் கூலி வேலைக்குப் போகும் எவரும் இந்தத் தொகைக்கு இறங்கமாட்டார். அந்தப் பணத்தை முழுதாகப் பெறவும் பத்து நிபந்தனைகள் இருந்தன. போராட்டம் தொடங்கும்போது மூன்று மாத நிலுவையும் சேர்ந்திருந்தது.

போராட்டப் பந்தலுக்குப் பின்னால் நின்ற கட்டடத்தின் வரலாறு இங்கே பொருந்தும். 1998இல் புதிய சட்டமன்றக் கட்டடம் திறக்கும்வரை கேரளச் சட்டமன்றம் தலைமைச் செயலக வளாகத்துக்குள்தான் கூடியது. அங்கேதான் மகப்பேற்றுப் பலன் சட்டம் 1957இல் வந்தது. பணிக்கொடைக்கு நாட்டில் பொதுச் சட்டம் இல்லாத நாளில் கேரளம் 1970இல் தானாக ஒன்று கொண்டுவந்தது. அதற்கும் மேற்கு வங்கச் சட்டத்துக்கும் பின்னால்தான் நாடாளுமன்றம் 1972இன் பணிக்கொடைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயலில் வேலை செய்வோருக்கு 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம், 1980இல் அவர்களுக்கு ஓய்வூதியம், தலைச்சுமை தூக்குவோருக்கு 1978இன் சட்டத்தின்கீழ் நல வாரியம் எனப் பட்டியல் நீளும். கள் இறக்குவோர், முந்திரி உடைப்போர், மீனவர் என அமைப்புசாராத் தொழில்கள் பலவற்றுக்கும் நலநிதி தந்த மாநிலம் அது. ஆஷாக்கள் கேட்ட ஐந்து லட்சம் ரூபாய் ஓய்வுகாலத் தொகை அந்த மரபுக்கு அந்நியமானதல்ல. தனியார் முதலாளியிடம் தொழிலாளிக்காக உறுதியாக நின்ற அரசு, தானே வேலை வாங்கும் இடத்தில் தயங்கியது.

இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்கலாமா என்ற கேள்வியும் புதிதல்ல. 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அரசுத் திட்டங்களில் பணிபுரிவோரைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தரப் பரிந்துரைத்தது. 2022 ஏப்ரல் 25இல் உச்ச நீதிமன்றம், குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் வழக்கில், அவர்கள் பெறும் மதிப்பூதியமும் ஊதியமே, எனவே பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆஷாக்களுக்கு இப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. அங்கன்வாடி என்றால் ஒரு கட்டடம் உண்டு. ஆஷாவுக்கு ஊரே பணியிடம்.

போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக்குவது, அதாவது நாளுக்கு 700 ரூபாய். மார்ச் தொடக்கத்தில் மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாயைக் காவல்துறை அகற்றியது; பெண்கள் இடம் விட்டு நகரவில்லை. மார்ச் 13 ஆற்றுகால் பொங்கல். நகரத் தெருக்களெல்லாம் அடுப்பு மூட்டிய அந்த நாளில் அவர்கள் போராட்ட இடத்திலேயே பொங்கலிட்டார்கள். மார்ச் 17இல் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள். அதே நாளில் பத்து நிபந்தனைகளையும் அரசு நீக்கியது. மார்ச் 20இல் உண்ணாவிரதம் தொடங்கியது. ஐம்பதாம் நாளான மார்ச் 31இல் பெண்கள் கூந்தலை வெட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள். 62 வயதில் எந்தப் பலனும் இல்லாமல் விலக்கும் உத்தரவு ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்டது. மே மாதம் காசர்கோட்டில் புறப்பட்ட பயணம் மாநிலம் முழுதும் கடந்து ஜூனில் தலைநகரை அடைந்தது.

அப்போதைய ஆளும் கட்சி சார்ந்த தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. இதை அரசியல் நோக்கமுள்ள போராட்டம் என்று எதிர்த்தது. ஆஷாக்கள் ஒன்றிய அரசின் திட்டப் பணியாளர்கள், கேட்க வேண்டிய இடம் டெல்லி என்றும் வாதிட்டது. தர வேண்டியதைத் தந்துவிட்டோம் என்றது டெல்லி. இந்த இழுபறிக்கு நடுவே சில உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் சொந்த நிதியிலிருந்து ஆஷாக்களுக்குக் கூடுதல் தொகை தர முடிவெடுத்தது குறிப்பிடத்தக்கது. அன்றாடம் அவர்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் பஞ்சாயத்துக்காரர்கள்தாம்.

நிலையான ஊக்கத்தொகையை 2,000இலிருந்து 3,500 ரூபாயாகவும், பத்தாண்டுப் பணிக்குப் பின் விலகுவோருக்கான தொகையை 20,000இலிருந்து 50,000 ரூபாயாகவும் உயர்த்த முடிவெடுத்திருப்பதாக ஒன்றிய அரசு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அக்டோபர் 29இல் கேரள அரசு மதிப்பூதியத்தை ஆயிரம் ரூபாய் உயர்த்தி 8,000 ஆக்கியது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே மாதம் 13,000 ரூபாய் இடைவெளி. ஐந்து லட்சம் கிடைக்கவில்லை. கேரளம் பிறந்த நாளான நவம்பர் 1இல் இரவு பகல் போராட்டத்தை முடித்துக்கொண்ட சங்கம், மாவட்டங்களில் தொடர்வதாக அறிவித்தது. மூன்று வாரங்களில், நவம்பர் 21இல், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி வழி உணவு கொண்டுசெல்வோர் போன்றோரையும் பெயர் சொல்லி வரையறுக்கிறது. ஆஷாக்களுக்கு அதில் தனி வரையறை இல்லை.